பனிவெளியில் ஓர் ஆயர்: விட்டால் கிராண்டின்



கனடா நாட்டின் வடபகுதியில் மறைப்பணியாற்றிய ஆயர் விட்டால் கிராண்டின் அவர்களின் வாழ்வை இன்று சிந்திப்போம். 1829-ம் ஆண்டு பிரான்சில் எளிய குடும்பமொன்றில் பிறந்தவர் இவர். பேச்சில் குறைபாடு இருந்ததால், நம் புதுச்சேரிப் பகுதிக்குக் குருக்களை அனுப்பிய பாரிஸ் வேதபோதக சபை இவரை ஏற்கவில்லை. அமலமரித் தியாகிகள் சபை ஏற்றுக்கொண்டது. 1854-ல் குருவாகி, அதே ஆண்டில் கனடா சென்றார். 1859-ல் புனித யூஜின் தெ மசெனோ இவரை ஆயராகத் திருநிலைப்படுத்தினார்.

பெரிய அடிமை ஏரியில் பனிப்புயலில் வழிதவறி, ஒரு சிறுவனோடு உறைபனியில் இரவைக் கழித்து உயிர்பிழைத்த நிகழ்ச்சியைப் பழைய நூல்கள் விரிவாகச் சொல்லும். நாமும் முன்பெல்லாம் அதைச் சொல்லி, 1902-ல் அவர் இறந்ததையும், 1966-ல் வணக்கத்துக்குரியவர் என அறிவிக்கப்பட்டதையும் சேர்த்து, அதோடு முடித்துக்கொள்வோம். இன்று அப்படி முடிக்க நமக்கு மனம் வரவில்லை.

பூர்வகுடிப் பிள்ளைகள் பிழைக்க வேண்டுமானால் படிக்க வேண்டும் என்று ஆயர் உறுதியாக நம்பினார். அதில் தவறில்லை. ஆனால் பெற்றோரிடமிருந்து பிரித்து, அவர்கள் வாழ்ந்த முறையையே மறக்கச் செய்து படிப்பிக்க வேண்டும் என்றும் நம்பினார். அரசு பணம் தர, திருச்சபைகள் நடத்த, உறைவிடப் பள்ளிகள் பெருகின. ஒன்றரை இலட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகள் அவற்றில் வைக்கப்பட்டார்கள். தாய்மொழி பேசியதற்காக அடிபட்டவர்கள் உண்டு. கொடுமைக்கு ஆளானவர்கள் உண்டு. வீடு திரும்பாமலே இறந்தவர்களும் ஆயிரக்கணக்கில் உண்டு. அன்புள்ள ஒரு மேய்ப்பர், அந்தத் தாய்மார்களிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கக்கூடாதா?

இதில் வியப்பான ஒன்றும் உண்டு. மெக்கென்சி ஆற்றங்கரைக் குக்கிராமங்களின் பிள்ளைகளுக்கு உயர்நிலைக் கல்வி நெடுங்காலம் எட்டாக்கனியாகவே இருந்தது. 1960-களில் ஃபோர்ட் ஸ்மித் என்னும் சிற்றூரில் மறைமாவட்டம் ஓர் உறைவிட நிலையத்தைத் திறந்து, அதற்குக் கிராண்டின் கல்லூரி என்று பெயரிட்டது. குருத்துவ அழைத்தலுக்கென்று எண்ணித் தொடங்கப்பட்டது அது. அதன் இயக்குநரான அருட்தந்தை ஜான் போஷா, இந்த மக்களுக்கு அவர்களிலிருந்தே தலைவர்கள் எழ வேண்டும் என்று கண்டு, மாணவ மாணவியரை அதற்கே பயிற்றுவித்தார். அங்கிருந்தவர்களில் ஸ்டீபன் காக்ஃபி பின்னாளில் வடமேற்குப் பிரதேசத்தின் முதல்வரானார். எத்தல் பிளாண்டின்-ஆண்ட்ரூ 1988-ல் கனடிய மக்களவைக்குத் தேர்வான முதல் பூர்வகுடிப் பெண். பள்ளியும் உறைவிடமும் முன்பு போலவேதான். ஆனால் இங்கே பிள்ளைகள் தம் மக்களை மறப்பதற்காக அல்ல, அவர்களுக்காகப் பேசுவதற்காக வளர்க்கப்பட்டார்கள்.

2021-ல் பழைய பள்ளி வளாகங்களில் பெயரற்ற கல்லறைகள் பற்றிய செய்தி எழுந்தபோது, எட்மன்டன் நகரில் பொது இடங்களிலிருந்து ஆயர் கிராண்டினின் பெயர் அகற்றப்பட்டது. அவரது மறைமாவட்டமே பின்னர் எட்மன்டன் உயர்மறைமாவட்டமாக வளர்ந்தது. 2022 ஜூலை 25-ம் நாள், அந்நகருக்குத் தெற்கேயுள்ள மாஸ்குவாசிஸ் என்னும் ஊருக்குத் திருத்தந்தை பிரான்சிஸ் சக்கர நாற்காலியில் வந்தார். கல்லறைத் தோட்டத்தில் மௌனமாகச் செபித்தார். பிறகு அம்மக்களிடம் மன்னிப்புக் கேட்டார்.