4 மில்லிமீட்டர் வித்தியாசம்... சாம்பியன் சென்னாவின் காரில் ஸ்டியரிங் தண்டை வெட்டி ஒட்டியது ஏன்?

1994 மே 1, ஞாயிற்றுக்கிழமை. இத்தாலியின் இமோலா ரேஸ் டிராக். 7வது சுற்றில் முதலிடத்தில் பறந்துகொண்டிருந்த அயர்டன் சென்னாவின் வில்லியம்ஸ் கார், டம்புரெல்லோ என்ற இடதுபக்க வளைவில் திரும்பவே இல்லை. மணிக்கு சுமார் 310 கி.மீ. வேகத்தில் டிராக்கை விட்டு விலகி, நேராகப் போய் கான்கிரீட் சுவரில் மோதியது. அன்று மாலை போலோன்யா மருத்துவமனையில் சென்னா இறந்தார். வயது 34.

நொறுங்கிய காரில் ஸ்டியரிங் தண்டு இரண்டாக உடைந்திருந்தது. மோதியதால் உடைந்ததா, உடைந்ததால் மோதியதா? இந்த ஒரு கேள்விக்குப் பதில் தேடி இத்தாலி நீதிமன்றங்களில் வழக்கு 2007 வரை ஓடியது.

யார் இந்த சென்னா?

1960 மார்ச் 21ஆம் தேதி பிரேசிலின் சாவ் பாலோவில் வசதியான குடும்பத்தில் பிறந்தவர். 4 வயதில் அப்பா மில்டன், புல் வெட்டும் இயந்திரத்தின் மோட்டாரை வைத்து ஒரு குட்டி கோ-கார்ட் செய்து கொடுத்தார். ஆரம்பம் அதுதான். 13 வயதில் முதல் கார்ட் போட்டி, 1981இல் இங்கிலாந்து பயணம், 1983இல் பிரிட்டிஷ் ஃபார்முலா 3 சாம்பியன் பட்டம்.

1984இல் டோல்மேன் என்ற சின்ன அணியின் காரில் ஃபார்முலா 1-க்குள் நுழைந்தார். அந்த ஆண்டு மொனாக்கோவில் கொட்டும் மழை. 13வது இடத்தில் கிளம்பியவர் 2வதாக வந்து நின்றார். அன்றிலிருந்து மழை என்றாலே சென்னாதான் என்று ஆகிப்போனது. பிறகு மெக்லாரன் அணிக்காக 1988, 1990, 1991 என மூன்று முறை உலக சாம்பியன். மொத்தம் 161 போட்டிகள், 41 வெற்றிகள்.

டிராக்கில் விட்டுக்கொடுக்காத ஆள், சில நேரம் ரொம்பவே முரட்டுத்தனம். ஆனால் 1992இல் பெல்ஜியத்தில் சக வீரர் எரிக் கோமாஸ் விபத்தில் மயங்கிக் கிடந்தபோது, தன் காரை நிறுத்திவிட்டு ஓடிப்போய் எஞ்சினை அணைத்தவரும் இதே சென்னாதான்.

புது கார், இடிக்கும் கை

1994இல் வில்லியம்ஸ் அணிக்கு மாறினார். அப்போது எல்லோரும் ஏங்கிய கார் அது. ஆனால் அந்த ஆண்டின் எஃப்டபிள்யூ16 மாடலைக் கட்டுப்படுத்துவது பெரும் பாடாக இருந்தது. போதாக்குறைக்கு உட்காரும் இடமும் நெருக்கடி. ஸ்டியரிங்கைத் திருப்பும்போது கை காக்பிட்டில் உரசுகிறது, கொஞ்சம் இடம் வேண்டும் என்று சென்னா கேட்டார். நியாயமான கோரிக்கைதான்.

இதற்காக ஸ்டியரிங் தண்டைச் சற்றுக் கீழே இறக்க வேண்டும். அங்கேதான் சிக்கல். காக்பிட்டுக்குள் இவ்வளவு இடம் காலியாக இருக்க வேண்டும் என்று விதி இருந்தது. 22 மி.மீ. விட்டம் கொண்ட தண்டை அப்படியே இறக்கினால் அது அந்த இடத்தில் முட்டும். புதிதாக ஒரு தண்டு செய்திருக்கலாம். அதைச் செய்யாமல், இருந்த தண்டையே வெட்டி, நடுவில் 18 மி.மீ. குழாய் ஒன்றைச் செருகி வெல்டிங் செய்தார்கள். கோடிக்கணக்கில் செலவழிக்கும் அணி, தெருமுனைப் பட்டறையில்கூட யோசித்துச் செய்யும் வேலையை இப்படி முடித்தது என்பதைத்தான் இன்றுவரை ஜீரணிக்க முடியவில்லை.

4 மி.மீ. என்ன பெரிய வித்தியாசம் என்று தோன்றலாம். குழாயின் தடிமன் மாறாமல் விட்டம் மட்டும் 22-லிருந்து 18-ஆகக் குறைந்தால், அதே முறுக்கு விசைக்கு உலோகம் தாங்க வேண்டிய அழுத்தம் ஏறக்குறைய ஒன்றரை மடங்காகிவிடும். அதைவிட மோசம், பெரிய குழாய் சட்டென்று சின்னதாக மாறும் அந்த ஓரம். அழுத்தம் முழுக்க அங்கேதான் குவியும். ஒரு கம்பியை முன்னும் பின்னும் வளைத்துக்கொண்டே இருந்தால் ஒரே இடத்தில் பட்டென்று ஒடியும் இல்லையா? அதே கதைதான். ஒவ்வொரு வளைவிலும் கண்ணுக்குத் தெரியாத விரிசல் கொஞ்சம் கொஞ்சமாக வளரும்.

கறுப்பு வார இறுதி

சீசனின் முதல் இரண்டு போட்டிகளிலும் முதல் வரிசையில் கிளம்பியும் சென்னாவுக்கு ஒரு புள்ளிகூடக் கிடைக்கவில்லை. இமோலா மூன்றாவது. வெள்ளிக்கிழமை ரூபன்ஸ் பாரிகெல்லோ பெரிய விபத்தில் சிக்கித் தப்பினார். சனிக்கிழமை ஆஸ்திரிய வீரர் ரோலண்ட் ராட்சன்பெர்கர் உயிரிழந்தார். மனம் உடைந்த சென்னா, ஞாயிறு காலை மற்ற வீரர்களுடன் பாதுகாப்பு பற்றிப் பேசினார். ஓட்டுநர் சங்கத்தை மறுபடி தொடங்கலாம் என்று முடிவானது. ஜெயித்தால் ராட்சன்பெர்கருக்காக விரிக்க, ஆஸ்திரியக் கொடி ஒன்றை காருக்குள் வைத்திருந்தார்.

சுவரில் மோதியபோது கழன்ற முன்சக்கரத்தோடு வந்த சஸ்பென்ஷன் துண்டு ஹெல்மெட்டைத் துளைத்தது. பிரேசிலில் 3 நாள் தேசிய துக்கம் அறிவிக்கப்பட்டது.

நீதிமன்றம் என்ன சொன்னது?

உடைந்த தண்டைச் சோதித்தபோது, உலோகச் சோர்வால் ஏற்பட்ட பழைய விரிசல்கள் தெரிந்தன. அணியின் தொழில்நுட்பத் தலைவர் பேட்ரிக் ஹெட், வடிவமைப்பாளர் அட்ரியன் நியூவி உள்ளிட்டோர் மீது வழக்கு. 1997இல் எல்லோரும் விடுதலை. மேல்முறையீடுகள் தொடர்ந்தன. நியூவி குற்றமற்றவர் என்று பின்னர் உறுதியானது. 2007 ஏப்ரலில் இத்தாலியின் உச்ச நீதிமன்றம், ஸ்டியரிங் தண்டு உடைந்ததே விபத்துக்குக் காரணம், அதற்குக் காரணம் மோசமாகத் திட்டமிட்டு மோசமாகச் செய்த மாற்றம், அதற்குப் பொறுப்பு ஹெட் என்றது. ஆனால் வழக்குக்கான காலக்கெடு எப்போதோ முடிந்திருந்தது. தண்டனை யாருக்கும் இல்லை.

வில்லியம்ஸ் அணி இதை ஏற்கவில்லை. காரின் அடிப்பகுதி தரையில் தட்டி, பின்பக்கம் வழுக்கியிருக்கலாம் என்பது நியூவியின் வாதம். காரில் பதிவான தகவல்களும் வீடியோவும், தண்டு முதலில் உடைந்ததாகக் காட்டவில்லை என்கிறார் அவர். இந்த வாதத்தை ஏற்பவர்களும் உண்டு. ஆனால் ஒரு விஷயத்தில் நியூவியே மழுப்பவில்லை. விபத்துக்கு அது காரணமோ இல்லையோ, அந்தத் தண்டில் விரிசல் இருந்தது, அதைக் காரில் மாட்டியிருக்கவே கூடாது என்று 2017இல் வெளியான தன் சுயசரிதையில் எழுதிவிட்டார்.