பற்றைக்குள் கிடந்த நான்கு முந்திரிகைக் கன்றுகள்

வைன் என்றதும் யாழ்ப்பாணத்தவருக்கு நினைவில் வருவது தோலகட்டி ஆச்சிரமம்தான். நான் எழுதப்போவது தென்னாபிரிக்காவில், கைவிடப்பட்ட வளவொன்றிலிருந்து தப்பிய முந்திரிகை இனத்தைப் பற்றியும், அதை உருவாக்கிய ஏபிரகாம் ஐசாக் பெரோல்டைப் பற்றியும்.

1880இல் பிறந்த பெரோல்ட், ஜேர்மனியில் இரசாயனவியலில் கலாநிதிப் பட்டம் பெற்றவர். நாடு திரும்பியவரை முந்திரிகை இனங்களைச் சேகரித்துவர கேப் அரசாங்கம் வெளிநாடுகளுக்கு அனுப்பியது. 177 இனங்களோடு வந்தார். பின்னர் ஸ்டெலன்போஷ் பல்கலைக்கழகத்தின் முதலாவது முந்திரிகைச் செய்கைப் பேராசிரியரானார்.

1925இல் பினோ நுவார், சான்சோ என்ற இரண்டு சிவப்பு வைன் இனங்களைக் கலந்தார். பினோ நுவார் பிரான்சின் குளிர்ப் பிரதேசத்தில் பேர்போனது. அருமையான வைன் தரும், ஆனால் கடும் வெயிலில் சோர்ந்துபோகும் செல்லப்பிள்ளை. சான்சோவோ வெக்கையிலும் வரட்சியிலும் அள்ளிக் காய்க்கும். அங்கே அப்போது அதை ஹெர்மிடேஜ் என்றார்கள். கிடைத்தவை நான்கே விதைகள். பல்கலைக்கழகம் தந்த வீட்டின் தோட்டத்தில் அவற்றை நட்டார்.

நாங்கள் பந்தலுக்கு முந்திரிகைத் தடியைத்தான் வெட்டி நடுவோம். தாய்க்கொடியின் குணம் அப்படியே வரும். விதையில் முளைப்பது அப்படியல்ல. ஒவ்வொரு கன்றும் ஒவ்வொரு விதம். அழிந்தால் அதே கொடி திரும்பக் கிடைக்காது.

1920களின் இறுதியில் பெரோல்ட், கே.டபிள்யூ.வி. என்ற வைன் உற்பத்தியாளர் கூட்டுறவில் வேலைக்குப் போனார். வீடு வெறுமையானது, வளவில் பற்றை மண்டியது. துப்புரவாக்க ஆட்கள் இறங்கிய நேரம், சைக்கிளில் அவ்வழியால் போன இளம் விரிவுரையாளர் சார்லி நீஹவுஸ் கண்டிருக்கிறார். உள்ளே என்ன கன்றுகள் நிற்கின்றன என்று அவருக்குத் தெரியும். காப்பாற்றினார், அவை எல்சன்பர்க் விவசாயக் கல்லூரிக்குப் போய்ச் சேர்ந்தன.

வலிகாமம் வடக்கில், 1990இல் சனம் விட்டு ஓடிவந்த வளவுகளைத் துப்புரவாக்கியபோது செய்தி சேகரிக்கப் போயிருந்தேன். பெக்கோ இயந்திரம் பற்றையையும் பழைய மரங்களையும் ஒன்றாகவே தள்ளியது. எது யார் நட்டதென்று சொல்ல அருகில் ஒருவருமில்லை.

எல்சன்பர்க்கில் 1935இல் பேராசிரியர் தெரொன் அக்கன்றுகளை ஒட்டி வளர்த்தார். பெரோல்ட் வந்து பார்த்து மகிழ்ந்தார். பெற்றோரின் பெயர்களைச் சேர்த்து பினோடாஜ் என்று பெயரிட்டார்கள். 1941இல் பெரோல்ட் இறந்தார். 1959இல் கேப் வைன் கண்காட்சியில் பினோடாஜ் முதலிடம் பெற்றது. 1961இல்தான் அந்தப் பெயர் முதன்முதலாகப் போத்தலில் ஒட்டப்பட்டுக் கடைக்கு வந்தது.

நான்கு கன்றுகளில் தேறியது ஒன்றே. இன்றுள்ள பினோடாஜ் கொடிகள் எல்லாம் அதன் தடிகளிலிருந்து வந்தவை.