கர்ப்பிணிகளின் ரத்தசோகைக்கு மருந்து தேடி குன்னூர், திருவல்லிக்கேணி வரை வந்த மருத்துவர்... யார் இந்த லூசி வில்ஸ்?

கர்ப்பம் உறுதியானதும் ஆரம்ப சுகாதார நிலையமாக இருந்தாலும் சரி, பெரிய தனியார் மருத்துவமனையாக இருந்தாலும் சரி, டாக்டர் முதலில் எழுதித் தருவது ஒரு சின்ன மாத்திரை. ஃபோலிக் ஆசிட். விலை மிகவும் குறைவு. அரசு மருத்துவமனைகளில் இலவசம். அதனாலேயோ என்னவோ, பல வீடுகளில் பாதி அட்டை அலமாரியிலேயே தங்கிவிடுகிறது.

அந்த மாத்திரை வருவதற்கு முன்னால் கர்ப்பிணிகள் ஒரு விதமான கடுமையான ரத்தசோகையால் இறந்துகொண்டிருந்தார்கள். காரணம் யாருக்கும் தெரியவில்லை. அந்தக் காரணத்தைத் தேடி இங்கிலாந்திலிருந்து கப்பல் ஏறி மும்பை வந்து, நம்ம குன்னூரிலும் சென்னை திருவல்லிக்கேணியிலும் வேலை பார்த்தவர்தான் டாக்டர் லூசி வில்ஸ். 2019 மே 10-ஆம் தேதி, அவரது 131-வது பிறந்தநாளில் கூகுள் டூடுல் வெளியிட்டபோதுதான் பலருக்கும் இந்தப் பெயரே தெரிய வந்தது.

படித்தார், ஆனா பட்டம் கிடைக்கலை!

லூசி வில்ஸ் 1888 மே 10-ல் இங்கிலாந்தின் பர்மிங்காம் நகருக்கு அருகில் உள்ள சட்டன் கோல்ட்ஃபீல்டில் பிறந்தார். வசதியான குடும்பம். அப்பா அறிவியல் படித்தவர். பெண் பிள்ளைக்கு எதற்குப் படிப்பு என்று கேட்கிற வீடு அது இல்லை.

1907-ல் கேம்பிரிட்ஜின் நியூன்ஹாம் கல்லூரியில் சேர்ந்தார். தாவரவியலும் நிலவியலும் படித்து 1911-ல் தேர்வுகளை முடித்தார். ஆனா பட்டம் கிடைக்கவில்லை. தேர்வு எழுதலாம், தேர்ச்சி பெறலாம், பட்டம் மட்டும் பெண்களுக்குக் கிடையாது என்பதுதான் அன்றைக்கு கேம்பிரிட்ஜின் விதி. 1948 வரைக்கும் அந்த நிலைமை மாறவில்லை.

அதே 1911-ல் அப்பா இறந்தார். 1913-ல் அக்காவும் இறந்துபோனார். அந்த ஆண்டு அம்மாவுடன் இலங்கைக்குப் பயணம், அடுத்த ஆண்டு தென்னாப்பிரிக்கா. அங்கே இருந்தபோது முதல் உலகப் போர் வெடித்தது. கேப் டவுன் மருத்துவமனையில் சில வாரங்கள் தன்னார்வ நர்ஸாக வேலை பார்த்தார். ஊர் திரும்பியதும் மருத்துவம் படிக்க முடிவெடுத்தார்.

1915-ல் லண்டன் பெண்கள் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். இந்தியாவிலிருந்து போன பெண்களும் அங்கே படித்தார்கள். பிற்காலத்தில் மகப்பேறு மருத்துவத்தில் பெரும்பெயர் எடுத்த ஜெருஷா ஜிராத் அவர்களில் ஒருவர். 1920-ல் டாக்டர் ஆனபோது லூசிக்கு வயது 32. ஆனால் அவர் கிளினிக் எதுவும் திறக்கவில்லை. லண்டன் ராயல் ஃப்ரீ மருத்துவமனையின் ஆய்வுக்கூடத்தில் கர்ப்பிணிகளின் ரத்தத்தையும் உடல் மாற்றங்களையும் ஆராயும் வேலையில் இறங்கினார்.

மும்பைக்கு ஏன் வந்தார்?

இந்தியாவில் பிரசவத்தின்போது தாய்மார்கள் ஏன் இவ்வளவு பேர் இறக்கிறார்கள் என்பதைக் கண்டறிய 1920-களின் இறுதியில் ஒரு ஆய்வு தொடங்கப்பட்டது. இங்கே பெண்களுக்கான மருத்துவ சேவையில் இருந்த டாக்டர் மார்கரெட் பால்ஃபர், அந்த ஆய்வில் சேரும்படி லூசி வில்ஸை அழைத்தார். 1928-ல் மும்பை ஹாஃப்கின் இன்ஸ்டிடியூட்டுக்கு வந்து சேர்ந்தார். 1933 வரை அதுதான் அவரது தளம்.

அங்கே அவர் பார்த்த கர்ப்பிணிகளில் பலர் மும்பையின் ஏழைக் குடும்பங்களைச் சேர்ந்தவர்கள். ஜவுளி ஆலைகளில் வேலை பார்த்தவர்களும் அதில் உண்டு. முகம் வெளிறி, மூச்சு வாங்கி, எழுந்து நிற்கவே தெம்பில்லாமல் வந்தார்கள்.

ரத்தத்துக்குள் என்னதான் நடந்தது?

ரத்தசோகை என்றாலே நம்ம நினைப்பது இரும்புச்சத்துக் குறைவு. இரும்பு குறைந்தால் சிவப்பணுக்கள் சின்னதாக, வெளிறிப்போய் இருக்கும். ஆனால் லூசி வில்ஸ் மைக்ரோஸ்கோப்பில் பார்த்த ரத்தம் வேற மாதிரி இருந்தது. எண்ணிக்கை குறைவு, ஆனால் ஒவ்வொரு சிவப்பணுவும் வழக்கத்தைவிடப் பெரியது.

ஏன் பெரியது? இன்றைக்கு நமக்குத் தெரியும். எலும்பு மஜ்ஜையில் புதிய ரத்த அணுக்கள் உருவாக, செல்கள் பிரிய வேண்டும். பிரிவதற்கு முன் டி.என்.ஏ-வை நகல் எடுக்க வேண்டும். அந்த வேலைக்கு ஃபோலேட் என்ற பி வைட்டமின் அவசியம். அது இல்லாவிட்டால் செல் வளரும், ஆனால் பிரியாது. கர்ப்பத்தில் தாய்க்கும் சேர்த்து, குழந்தைக்கும் சேர்த்து ஃபோலேட் தேவை எகிறிவிடும். சாப்பாட்டில் ஏற்கெனவே குறைவு என்றால் உடல் அங்கேயே சரிந்துவிடும்.

ஆனா 1928-ல் ஃபோலேட் என்ற ஒன்று இருப்பதே யாருக்கும் தெரியாது!

பதில் சாப்பாட்டுத் தட்டில் இருந்தது

லூசி வில்ஸ் செய்த முக்கியமான வேலை, ரத்தத்தோடு சேர்த்து சாப்பாட்டையும் கணக்கெடுத்தது. மும்பையில் வெவ்வேறு சமூகங்களைச் சேர்ந்த பெண்கள் என்ன சாப்பிடுகிறார்கள், யாருக்கு இந்தச் சோகை அதிகம் வருகிறது என்று ஒப்பிட்டுப் பார்த்தார். வறுமையில் வாடிய முஸ்லிம் பெண்களின் உணவுதான் சத்தில் மிகவும் பின்தங்கி இருந்தது. சோகையும் அவர்களிடம்தான் அதிகம். இதில் மதத்துக்கு வேலை இல்லை. தட்டில் என்ன விழுகிறது என்பதுதான் விஷயம்.

அடுத்து எலிகளுக்கு அந்த ஏழைப் பெண்களின் சாப்பாட்டைப் போன்ற உணவைக் கொடுத்துப் பார்த்தார். கர்ப்பமான எலிகளுக்கு சோகை வந்தது, குட்டி போடும் முன்பே இறந்தன. உணவில் ஈஸ்ட் சேர்த்தபோது சோகை தடுக்கப்பட்டது. இதில் ஒரு சிக்கலும் பிறகு தெரிய வந்தது. எலிகளின் உடலில் இருந்த பேன்கள் பரப்பிய ஒரு கிருமியும் சோகையை உண்டாக்கும் என்பதால், எலி சோதனையை மட்டும் நம்பி முடிவு சொல்ல முடியாமல் போனது.

குரங்குக்குக் கொடுத்த மார்மைட்

எலிகளுக்குப் பிறகு ரீசஸ் குரங்குகளிடம் ஆய்வைத் தொடர்ந்தார். அதில் ஒரு குரங்கின் நிலைமை மோசமானபோது, அதற்கு மார்மைட் கொடுத்துப் பார்த்தார். குரங்கு வியக்கத்தக்க வகையில் தேறியது.

மார்மைட் என்றால் என்ன? பீர் தயாரித்த பிறகு மிஞ்சும் ஈஸ்ட்டிலிருந்து எடுக்கும் கெட்டியான, கறுப்பு நிறச் சாறு. ரொட்டியில் தடவிச் சாப்பிடுவார்கள். இலங்கை வாசகர்களுக்கு இது நன்றாகவே பழக்கப்பட்ட பெயர். விலை குறைவு, கடையில் கிடைக்கும்.

கர்ப்பிணிகளுக்கும் அதையே கொடுத்துப் பார்த்தார். ரத்தம் ஏறியது. உயிருக்குப் போராடிய பெண்கள் தேறினார்கள். இந்த முடிவுகளை 1931-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல் இதழில் வெளியிட்டார்.

குன்னூரும் கோஷா ஆஸ்பத்திரியும்

இந்தக் கதையில் தமிழ்நாட்டுக்கும் பங்கு உண்டு. 1929 ஏப்ரல் முதல் அக்டோபர் வரை லூசி வில்ஸ் தன் ஆய்வை குன்னூர் பாஸ்டர் இன்ஸ்டிடியூட்டில் நடத்தினார். இந்திய உணவுகளின் சத்து பற்றி ஆராய்ந்த ராபர்ட் மெக்கரிசன் அப்போது அங்கே இருந்தார்.

1931-ன் தொடக்கத்தில் சென்னைக்கு வந்து, திருவல்லிக்கேணி ‘கேஸ்ட் அண்ட் கோஷா’ மருத்துவமனையில் பணியாற்றினார். ஆண் டாக்டரிடம் போக முடியாமல் வீட்டுக்குள்ளேயே கஷ்டப்பட்ட பெண்களுக்காக 1885-ல் மேரி ஷார்லீப் தொடங்கிய மருத்துவமனை அது. இன்றைக்கு அதன் பெயர் அரசு கஸ்தூரிபா காந்தி தாய் சேய் நல மருத்துவமனை. ஆனா சென்னைக்காரர்களுக்கு அது இன்னமும் கோஷா ஆஸ்பத்திரிதான்.

‘வில்ஸ் ஃபேக்டர்’ என்றால் என்ன?

அப்போது மருத்துவ உலகில் ஈரல் சாறு பரபரப்பாகப் பேசப்பட்டது. 1926-ல் அமெரிக்காவில் மைனாட், மர்ஃபி என்ற இரு மருத்துவர்கள், கொடிய ரத்தசோகை எனப்படும் நோயை ஈரல் உணவால் கட்டுப்படுத்தலாம் என்று காட்டியிருந்தார்கள். கர்ப்பிணிகளுக்கு வருவதும் அதே நோய்தான் என்று பலர் நினைத்தார்கள்.

இல்லை என்று நிரூபித்தவர் லூசி வில்ஸ். கொடிய ரத்தசோகை நோயாளிகளின் வயிற்றில் அமிலம் சுரக்காது. இந்தக் கர்ப்பிணிகளுக்கு அப்படி இல்லை. அதைவிட முக்கியமானது இன்னொன்று. சுத்திகரிக்காத ஈரல் சாறு கொடுத்தால் இவர்களுக்குக் குணமானது, நன்றாகச் சுத்திகரித்த சாறு கொடுத்தால் பலன் இல்லை. அப்படியென்றால் சுத்திகரிக்கும்போது ஏதோ ஒரு பொருள் வெளியேறிவிடுகிறது. அந்தப் பொருள் ஈஸ்ட்டிலும் இருக்கிறது.

பெயர் தெரியாத அந்தப் பொருளுக்கு ‘வில்ஸ் ஃபேக்டர்’ என்று பெயர் வந்தது. சுத்திகரித்த சாற்றில் தங்கியது வைட்டமின் பி12. வெளியேறியது ஃபோலேட். இரண்டும் வேறு வேறு என்று உலகம் தெளிவாகப் புரிந்துகொள்ள இன்னும் பல வருடங்கள் ஆகின.

கீரையிலிருந்து மாத்திரைக்கு

1941-ல் அமெரிக்க விஞ்ஞானிகள் நான்கு டன் பசலைக்கீரையைப் பிழிந்து இந்தச் சத்தைப் பிரித்தெடுத்தார்கள். இலை என்று பொருள் தரும் லத்தீன் சொல்லிலிருந்து ஃபோலிக் ஆசிட் என்று பெயர் வைத்தார்கள்.

ஆனா எல்லாருக்கும் டன் கணக்கில் கீரை பிழிய முடியுமா? ஆய்வுக்கூடத்தில் செயற்கையாகத் தயாரித்தால்தான் மாத்திரை சாத்தியம். 1945-ல் அதைச் சாதித்தது அமெரிக்காவின் லெடர்லி நிறுவன ஆய்வுக் குழு. அதற்குத் தலைமை தாங்கியவர் எல்லாப்ரகடா சுப்பாராவ். ஆந்திராவின் பீமாவரத்தில் பிறந்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர். சத்துகளைக் குடல் உறிஞ்ச முடியாமல் போகும் ஸ்ப்ரூ நோயால் இளம் வயதில் அவதிப்பட்டவர். அந்த நோயாளிகளின் சோகைக்கும் ஃபோலிக் ஆசிட் மருந்தானது.

போர், சைக்கிள், கவுன்சிலர் பதவி

லூசி வில்ஸ் 1933-ல் லண்டன் திரும்பினார். ஆனாலும் இந்தியாவை விடவில்லை. 1937-ன் இறுதியில் மீண்டும் மும்பைக்கு வந்து பத்து வாரங்கள் ஆய்வு செய்தார். இந்த முறை கப்பல் இல்லை, விமானம்.

இரண்டாம் உலகப் போரில் அவசர மருத்துவ சேவையில் பணியாற்றினார். 1944 ஜூலையில் அவரது மருத்துவமனை மீதே ஜெர்மனியின் பறக்கும் குண்டு விழுந்து உயிர்கள் பலியாகின. போர் முடியும்போது ராயல் ஃப்ரீ மருத்துவமனையின் நோய்க்குறியியல் துறை அவர் பொறுப்பில் இருந்தது. அங்கே முதல் ரத்தவியல் துறையை உருவாக்கியதும் அவர்தான்.

1947-ல் ஓய்வு. அப்புறமும் சும்மா இருக்கவில்லை. ஜமைக்கா, ஃபிஜி என்று போய் சத்துக்குறைவையும் சோகையையும் ஆராய்ந்தார். கடைசிப் பத்து ஆண்டுகள் லண்டனின் செல்சியில் தொழிலாளர் கட்சி கவுன்சிலர். திருமணம் செய்துகொள்ளவில்லை. மலையேற்றம் பிடிக்கும், வேலைக்குப் போவது சைக்கிளில். 1964 ஏப்ரல் 16-ல், 75 வயதில் காலமானார்.

அவர் மறைந்த பிறகும் தொடர்ந்த பலன்

1991-ல் பிரிட்டன் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் ஒரு பெரிய ஆய்வின் முடிவை வெளியிட்டது. முதுகுத்தண்டு, மூளை சரியாக உருவாகாத குழந்தை ஏற்கெனவே பிறந்த குடும்பங்களில், தாய் கர்ப்பத்துக்கு முன்பிருந்தே ஃபோலிக் ஆசிட் எடுத்தால் அடுத்த குழந்தைக்கு அந்தக் குறை வருவது 72 சதவீதம் குறைந்தது.

ஏன் கர்ப்பத்துக்கு முன்பே? குழந்தையின் மூளை, முதுகுத்தண்டாக மாறும் குழாய், கருத்தரித்த முதல் நான்கு வாரத்துக்குள் மூடிக்கொள்ளும். கர்ப்பமாக இருப்பது பல பெண்களுக்குத் தெரிவதற்குள் அது நடந்து முடிந்துவிடும். அதனால்தான் குழந்தைக்குத் திட்டமிடும்போதே இந்த மாத்திரையைத் தொடங்கச் சொல்கிறார்கள்.

இன்றைக்கு நம்ம நிலைமை என்ன?

2019-21-ல் எடுத்த தேசிய குடும்ப நல ஆய்வின்படி, இந்தியாவில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. கர்ப்பிணிகளில் 52 சதவீதம். பெரும்பாலும் இரும்புச்சத்துக் குறைவு, கூடவே ஃபோலேட், பி12 குறைவும் உண்டு. அதனால்தான் அரசு தரும் மாத்திரையில் இரும்பும் ஃபோலிக் ஆசிடும் சேர்ந்தே இருக்கின்றன.

கவனிக்க வேண்டியவை:

• கர்ப்பிணிக்கு ஹீமோகுளோபின் 11 கிராமுக்குக் கீழே இருந்தால் அது ரத்தசோகை. களைப்பு, மூச்சு வாங்குவது, தலைசுற்றல், நாக்குப் புண் போன்றவை அறிகுறிகளாக இருக்கலாம்.

• இரும்பு மாத்திரை சாப்பிட்டால் மலம் கறுப்பாகப் போவது சகஜம். பயந்து நிறுத்த வேண்டாம். குமட்டல் இருந்தால் எந்த நேரத்தில் சாப்பிடலாம் என்று நர்ஸிடமோ டாக்டரிடமோ கேளுங்கள்.

• மாத்திரையோடு டீ, காபி வேண்டாம். இரும்பு உடலில் சேருவதை அவை தடுக்கும்.

• கீரை, பச்சைப்பயறு, கொண்டைக்கடலை, வேர்க்கடலை ஆகியவற்றில் ஃபோலேட் உண்டு. கீரையை நிறைய தண்ணீரில் வேகவைத்து வடித்துக் கொட்டினால் சத்தும் போய்விடும்.

• சோகை என்று தெரிந்ததும் கடையில் நாமாகவே ஃபோலிக் ஆசிட் வாங்கிச் சாப்பிடக் கூடாது. பி12 குறைவு இருந்தால் ரத்தம் தேறுவது போலத் தெரியும், நரம்புப் பாதிப்பு உள்ளே தொடரும். பரிசோதனை முக்கியம்.

லூசி வில்ஸ் மும்பையில் பார்த்த பெண்களுக்கு என்ன மருந்து கொடுப்பது என்றே அன்றைய டாக்டர்களுக்குத் தெரியாது. இன்றைக்கு மருந்து இலவசமாகவே வீட்டுக்கு வருகிறது. உங்கள் வீட்டில் கர்ப்பிணி இருந்தால், இன்றைய மாத்திரை சாப்பிட்டாயிற்றா என்று ஒரு வார்த்தை கேளுங்க.