தீக்குச்சிக்கு உயிரளித்த பால்கே

சிவகாசியிலும் சாத்தூரிலும் பிறந்தார்க்குத் தீக்குச்சியினும் எளிய பொருள் பிறிதொன்று இல்லை. குச்சி அடுக்கி, மருந்தில் முக்கி, பெட்டியில் அடைத்து அனுப்பிவிட்டால் அதனோடு நமக்குள்ள உறவு முடிந்ததென்றே கருதுகிறோம். அவ்வெளிய பொருளைக் கொண்டே ஒரு கலையை நம் நாட்டில் தொடங்கிவைத்தார் ஒருவர். அவர்தாம் இந்தியத் திரைப்படத்தின் தந்தையெனப் போற்றப்படும் தாதாசாகேப் பால்கே. அவர் பெயரால் 1969ஆம் ஆண்டு முதல் வழங்கப்பெறும் விருதை அறிந்தார் பலர். உயிரற்ற பொருள்களைத் திரையில் இயங்கச் செய்தவர் அவர் என்பதை அறிந்தார் சிலரே. ஆதலின் அவர் வரலாற்றை அந்நோக்கில் ஈண்டுச் சுருங்கக் கூறுவாம்.

துண்டிராஜ் கோவிந்த் பால்கே 1870ஆம் ஆண்டு ஏப்ரல் 30ஆம் நாள் நாசிக் நகரையடுத்த திரியம்பகத்திற் பிறந்தார். தந்தையார் வடமொழி வல்லுநர். மைந்தரின் மனமோ ஏட்டினும் தூரிகையையே மிகுதியும் நாடிற்று. 1885இல் பம்பாய் ஜே. ஜே. கலைப்பள்ளியிற் சேர்ந்து, பின்னர்ப் பரோடாவின் கலாபவனத்தில் ஓவியமும் ஒளிப்படக்கலையும் பயின்றார். கோத்ராவில் ஒளிப்பட நிலையம் அமைத்து வாழ்ந்த நாளில், கொள்ளைநோய் அவர்தம் மனைவியையும் குழந்தையையும் கவர்ந்து சென்றது. அவ்வூரைத் துறந்தார். தம் பெயரைத் திருப்பிப் போட்டுக் கேல்பா என்னும் பெயரால் மாயவித்தையும் நிகழ்த்தினார். தொல்பொருள் ஆய்வுத் துறையிலும் பணியாற்றினார். சரசுவதி பாய் என்னும் நங்கையை மணந்து புதுவாழ்வு தொடங்கினார்.

ஓவியர் இரவிவர்மா நிறுவிய அச்சகத்தில் அவர் கல்லச்சுத் தொழிலிற் பயின்றமை நாம் கருதத்தக்கது. ஒரு படத்தை வண்ணம் வண்ணமாகப் பிரித்து, ஒவ்வொரு வண்ணத்திற்கும் ஒவ்வொரு கல் அமைத்து, ஒன்றன்மேல் ஒன்றாக ஒற்றி முழுவடிவம் காணும் அத்தொழிலின் வழித்தோன்றலே இன்று சிவகாசியில் நாட்காட்டிகளை அச்சிடும் தொழில். பால்கே தாமே ஓர் அச்சகம் நிறுவி, 1909இல் செருமனி சென்று வண்ண அச்சின் நுட்பங்களையும் கற்றுவந்தார். எனினும் கூட்டாளிகளோடு மனவேறுபாடு தோன்றவே, தாம் வளர்த்த தொழிலை விட்டு வெறுங்கையினராய் வெளியேறினார்.

அந்நாளிலே பம்பாயில் இயேசுபெருமானின் வாழ்வைக் காட்டும் ஊமைப்படம் ஒன்றை அவர் கண்டார். அந்தத் திருவாழ்வு திரையில் நடமாடக் கண்டபோது, இராமனும் கண்ணனும் அவ்வாறே நடமாடும் காட்சி அவர் அகக்கண்ணிலே தோன்றிற்று. அன்று முதல் அவருக்கு உறக்கம் ஒழிந்தது. இரவெல்லாம் படம் பார்த்தலும் பகலெல்லாம் ஆராய்தலுமாக இருந்தமையாற் கண்பார்வை மங்கிச் சிலகாலம் அறவே மறைந்தது. மருத்துவத்தாற் பார்வை மீண்டதும், ஆயுட்காப்புறுதிப் பத்திரத்தை அடகு வைத்து, 1912இல் இலண்டன் சென்று படப்பிடிப்புக் கருவியோடு திரும்பினார்.

அவர் முதலிற் படமாக்கியது அரசனையோ தேவனையோ அன்று. ஒரு பட்டாணி விதையை. தொட்டியில் விதையை ஊன்றி, நாளொன்றுக்கு ஒரு படமாக ஒரு திங்களுக்கு மேல் எடுத்தார். அவற்றைத் தொடர்ந்து ஓட்டிய அளவில், விதை வெடித்து முளைவிட்டுக் கொடியாகப் படர்வது கணப்பொழுதிற் கண்முன் நிகழ்ந்தது. அதனைக் கண்ட பின்னரே பொருளுடையார் கடனுதவ இசைந்தனர். அதுவும் போதாதாகவே, சரசுவதி பாய் தம் நகைகளைக் கழற்றிக் கொடுத்தார். பகலிற் குழுவினர்க்கெல்லாம் சமைத்த அவ்வம்மையார், இரவில் இருட்டறையிற் படச்சுருளைத் துளையிட்டுக் கழுவித் துணைபுரிந்தார். இங்ஙனம் உருவான இராஜா அரிச்சந்திரா 1913ஆம் ஆண்டு மே 3ஆம் நாள் பம்பாயில் வெளியாயிற்று.

அடுத்த ஆண்டே உலகப்போர் மூண்டது. பணமும் படச்சுருளும் அரியவாயின. பெரும்படம் எடுக்க வழியின்றி நின்ற அந்நாளில், 1915இல், பால்கே தீக்குச்சிகளைக் கையிலெடுத்தார். ஒரு குச்சியை நெல்லளவு நகர்த்தி ஒரு படம். பின்னும் நெல்லளவு நகர்த்தி மற்றொரு படம். அக்காலத்துப் படம் நொடிக்கு ஏறத்தாழ 16 படங்களாக ஓடியதென்று கொண்டால், ஒரு நிமிடக் காட்சிக்கு 960 முறை இவ்வாறு செய்தல் வேண்டும். பாரிசு நகரத்து எமில் கோல் 1908இலேயே கோட்டோவியங்களையும் தீக்குச்சிகளையும் இவ்வண்ணம் இயக்கிக் காட்டியிருந்தார். எனினும் நம் நாட்டில் இத்துறைக்கு வித்திட்டவர் பால்கேயே. அன்று நாம் பயன்படுத்திய குச்சிகள் பெரும்பாலும் சுவீடனிலிருந்தும் சப்பானிலிருந்தும் வந்தவை. சிவகாசியிலிருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழில் கற்றுவந்தது அதன் பின்னரே. பால்கேயின் அக்குறும்படம் இன்று கிடைத்திலது.

பின்னர் இலங்கா தகனம், காளிய மர்த்தனம் முதலிய படங்களாற் பெரும்புகழ் எய்தினார். மக்கள் பேசும்படத்தை விரும்பத் தொடங்கியபின் அவர் காலம் சாய்ந்தது. 1937இல் வெளியான கங்காவதரணமே அவர் இயக்கிய இறுதிப்படம். அதே ஆண்டில் அமெரிக்காவில் வால்ட் டிஸ்னி, கையால் வரைந்த ஓவியங்களாலாகிய நெடும்படம் ஒன்றை வெளியிட்டு உலகை வியக்கச் செய்தார். வறுமையாலும் நோயாலும் நலிந்த பால்கே, 1944ஆம் ஆண்டு பிப்ரவரி 16ஆம் நாள் நாசிக்கில் மறைந்தார்.

அவர் விதைத்த வித்து மெல்லவே முளைத்தது. 1956இல் நடுவணரசின் திரைப்படப் பிரிவில் இயங்கோவியப் பகுதி தோன்றிற்று. டிஸ்னியிடம் பணிபுரிந்த கிளேர் வீக்ஸ் என்பார் அங்குப் பயிற்சியளித்தார். 1995இல் அமெரிக்காவில் முழுநெடும்படமே கணிப்பொறியால் உருவாயிற்று. 2014இல் வெளியான கோச்சடையானில், நடிகரின் அசைவுகளைக் கருவிகள் பதிவு செய்ய, அவற்றைக் கொண்டு கணிப்பொறி உருவம் சமைத்தது. முன்னர்ப் பலர் இருந்து வரைந்த இடைப்படங்களை இன்று கணிப்பொறி நொடியிற் கணித்துத் தருகிறது. ஆயினும் முளை எவ்வாறு மண்ணைப் பிளக்கும், குச்சி எவ்விடத்துத் திரும்பினால் நகை பிறக்கும் என்பதைக் கண்டறியும் பொறுமை மனிதனிடமே உள்ளது. கருவி மாறிற்று, பொறுமைக்கு மாற்று இல்லை.

அத்தகைய பொறுமை நம் மாவட்டத்துக்குப் புதிதன்று. நாள் முழுதும் அமர்ந்து குச்சியடுக்கும் பெண்டிரின் கைகளில் அது வாழ்கிறது. தீப்பெட்டியின் மேலொட்டிய படத்திற் சிங்கமும் மயிலும் உண்டு. அடுக்கியவள் பெயர் இல்லை. பால்கேயின் பெயரால் விருதுண்டு. நகை ஈந்து, சோறு சமைத்து, இருட்டறையிற் படம் கழுவிய சரசுவதி பாயை நினைவார் அரியர். இக்கலையைப் பயில விழையும் மாணவர், அவ்விரு திறத்துக் கைகளையும் ஒருங்கே நினைந்து தொடங்குவாராக.