ஜேம்ஸ் நெய்ஸ்மித்

ஜேம்ஸ் நெய்ஸ்மித் (நவம்பர் 6, 1861 – நவம்பர் 28, 1939) கனடாவில் பிறந்து அமெரிக்காவில் பணியாற்றிய உடற்கல்வி ஆசிரியர், மருத்துவர், கிறித்தவ சமயப் பணியாளர். 1891ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் அமெரிக்காவின் மாசச்சூசெட்ஸ் மாநிலத்தில் உள்ள ஸ்பிரிங்ஃபீல்டு நகரில் கூடைப்பந்தாட்டத்தை உருவாக்கியவர் இவரே ஆவார். பெரும்பாலான விளையாட்டுகள் மக்களிடையே சிறிது சிறிதாக வளர்ந்து வந்தவை. அவற்றுக்கு இன்னார்தாம் தந்தை என்று கூற இயலாது. கூடைப்பந்தாட்டமோ ஓர் ஆசிரியர் தம் வகுப்பறைச் சிக்கலைத் தீர்ப்பதற்காக ஒரே முயற்சியில் வகுத்தது.

இளமை

கனடாவின் ஒன்டாரியோ மாநிலத்தில் ஆல்மான்ட் என்னும் ஊருக்கு அருகில் நெய்ஸ்மித் பிறந்தார். இவருடைய பெற்றோர் ஸ்காட்லாந்திலிருந்து குடியேறியவர்கள். 1870இல் தாயும் தந்தையும் நச்சுக் காய்ச்சலால் (டைபாய்டு) அடுத்தடுத்து இறந்தனர். சிறு வயதினரான இவர் பாட்டியிடமும் பின்னர் தாய்மாமனிடமும் வளர்ந்தார். பள்ளிப் படிப்பை இடையில் நிறுத்திவிட்டுச் சில ஆண்டுகள் மரம் வெட்டும் முகாம்களில் உழைத்தார். பின்பு மீண்டும் பள்ளிக்குச் சென்று தேறி, 1883இல் மான்ட்ரியால் நகரின் மக்கில் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். 1888இல் பட்டம் பெற்ற பின் இறையியலும் கற்று 1890இல் அதனை முடித்தார்.

சமயப் பணிக்காகப் படிப்பவர் ரக்பி ஆடுவதை அவருடன் பயின்றோர் பலர் விரும்பவில்லை. எனினும் ஆடுகளத்திலும் இளைஞரின் ஒழுக்கத்தை வளர்க்கலாம் என்று நெய்ஸ்மித் கருதினார். இந்த எண்ணமே அவரை ஸ்பிரிங்ஃபீல்டில் இருந்த ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளிக்கு இட்டுச் சென்றது. கிறித்தவ இளைஞர் சங்கங்களுக்கு உடற்பயிற்சி ஆசிரியர்களையும் செயலாளர்களையும் உருவாக்கி அனுப்பும் நிறுவனம் அது.

கூடைப்பந்தாட்டத்தின் தோற்றம்

புதிய இங்கிலாந்துப் பகுதியில் குளிர்காலம் கடுமையானது. இலையுதிர்காலத்தில் அமெரிக்கக் கால்பந்தும் வேனிற்காலத்தில் பேஸ்பாலும் ஆடலாம். இடைப்பட்ட மாதங்களில் உடற்பயிற்சிக் கூடத்துக்குள் அணிவகுப்பும் கருவிப் பயிற்சியும் தவிர வேறொன்றும் இல்லை. செயலாளர் பயிற்சிக்காக வந்திருந்த 18 பேர் கொண்ட ஒரு வகுப்பு இப்பயிற்சிகளை வெறுத்தது. இரண்டு ஆசிரியர்கள் அவ்வகுப்பை நடத்த முயன்று தோற்றனர். உடற்கல்வித் துறைத் தலைவர் லூதர் குலிக் அதனை நெய்ஸ்மித்திடம் ஒப்படைத்து, உள்ளரங்கில் ஆடத்தக்க புதிய விளையாட்டு ஒன்றை 14 நாட்களில் கண்டறியுமாறு பணித்தார்.

முதலில் அவர் ஏற்கனவே உள்ள விளையாட்டுகளைக் கூடத்துக்குள் கொண்டுவர முயன்றார். கால்பந்தையும் லக்ராஸ் ஆட்டத்தையும் சுவர்களுக்கிடையே ஆடியபோது மாணவர்களுக்கு அடிபட்டது. முரட்டுத்தனத்தைக் குறைத்தால் ஆட்டத்தில் சுவை இல்லாமற் போயிற்று. கெடு முடியும் தறுவாயில், தனித்தனி ஆட்டங்களை விடுத்து விளையாட்டு என்பதன் பொதுக்கூறுகளை ஆராயத் தொடங்கினார். அவர் சென்ற வழி ஓர் ஆசிரியருக்கே உரியது. பந்துடன் ஓடுபவரை நிறுத்துவதற்காகவே மற்றவர் மோதி வீழ்த்துகின்றனர். பந்துடன் ஓடக்கூடாது என்று விதித்துவிட்டால் மோத வேண்டிய தேவையே இல்லை. இலக்கு நிமிர்ந்து நின்றால் பந்தை விசையுடன் எறிவர். இலக்கைத் தலைக்கு மேலே கிடையாக வைத்தால் பந்தை மெல்ல வளைத்து எறிந்தே ஆகவேண்டும். இந்த இரண்டாவது எண்ணத்துக்கு அவருடைய ஊர்ச் சிறுவர் விளையாட்டு ஒன்று உதவியது. பாறை மேல் வைத்த கல்லைக் கல்லெறிந்து வீழ்த்தும் அவ்விளையாட்டில், வேகமாக எறிபவனை விட உயர்த்தி வளைவாக எறிபவனே வெல்வான்.

இலக்காக வைக்க இரண்டு பெட்டிகள் வேண்டுமென்று கட்டடப் பொறுப்பாளரிடம் கேட்டார். பெட்டிகள் கிடைக்கவில்லை, அவர் கொண்டு வந்தவை பீச்சுப் பழக் கூடைகள். பெட்டி கிடைத்திருந்தால் இவ்விளையாட்டின் பெயர் வேறாக இருந்திருக்கும். அக்கூடைகள் கூடத்தின் மேல்மாடக் கைப்பிடியில் ஆணியடித்துப் பொருத்தப்பட்டன. அதன் உயரம் 10 அடி. இன்றளவும் உலகெங்கும் வளையம் அதே உயரத்தில்தான் வைக்கப்படுகிறது. 13 விதிகளைத் தட்டச்சு செய்து அறிவிப்புப் பலகையில் ஒட்டிய பின், பக்கத்துக்கு ஒன்பது பேராக ஆட்டம் தொடங்கியது. பயன்படுத்தியது சாதாரணக் கால்பந்து. முதல் ஆட்டத்தில் வில்லியம் சேஸ் என்னும் மாணவர் ஒருவரே ஒரு முறை பந்தைக் கூடையில் இட்டார். கூடைக்கு அடிப்பகுதி இருந்ததால், உள்ளே விழுந்த பந்தை ஏணியில் ஏறித்தான் எடுக்க வேண்டியிருந்தது. நெய்ஸ்மித்தின் பெயரையே ஆட்டத்துக்குச் சூட்டலாம் என்று மாணவர் ஒருவர் கூறியதை அவர் ஏற்கவில்லை.

தோள்கொண்டு இடித்தல், பிடித்தல், தள்ளுதல், காலிடறச் செய்தல், அடித்தல் ஆகியவற்றை ஐந்தாம் விதி தடை செய்தது. மீண்டும் தவறு செய்தவர் அடுத்த புள்ளி எடுக்கப்படும் வரை வெளியேற வேண்டும். அவ்விதிகளில் பந்தைத் தட்டிக்கொண்டே ஓடுவது பற்றி எதுவும் இல்லை. அது ஆட்டக்காரர்கள் பின்னர் கண்டுபிடித்தது. வளையத்துக்குப் பின்னுள்ள பலகையும் பிற்காலத்ததே. மேல்மாடத்தில் அமர்ந்த பார்வையாளர்கள் கையை நீட்டிப் பந்தைத் தடுத்ததால் அது தேவைப்பட்டது.

பரவல்

1892 சனவரியில் பள்ளியின் இதழில் விதிகள் அச்சாயின. பயிற்சி முடித்த மாணவர்கள் தாம் சென்ற நாடுகளுக்கெல்லாம் ஆட்டத்தையும் எடுத்துச் சென்றனர். ஸ்மித் மகளிர் கல்லூரியில் செண்டா பெரன்சன் விதிகளைத் திருத்திப் பெண்களுக்குக் கற்பித்தார். ஸ்பிரிங்ஃபீல்டில் ஆடத் தொடங்கிய முதல் பெண்களுள் ஒருவரான மாட் ஷெர்மனை நெய்ஸ்மித் 1894இல் மணந்தார். இவர்களுக்கு ஐந்து மக்கள். சென்னையில் 1920ஆம் ஆண்டு ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கிய ஹாரி குரோவ் பக் என்பவரும் ஸ்பிரிங்ஃபீல்டில் பயின்றவரே.

கான்சஸ் பல்கலைக்கழகத்தில்

1895இல் டென்வர் நகருக்குச் சென்ற நெய்ஸ்மித், ஒய்.எம்.சி.ஏ.வில் பணியாற்றிக்கொண்டே மருத்துவம் படித்து 1898இல் பட்டம் பெற்றார். அவ்வாண்டே கான்சஸ் பல்கலைக்கழகத்தில் உடற்கல்வி ஆசிரியராகச் சேர்ந்தார். அங்கு கூடைப்பந்து அணியையும் தொடங்கினார். 1907 வரை அவர் பயிற்றுவித்த அணி 55 ஆட்டங்களில் வென்று 60 ஆட்டங்களில் தோற்றது. அப்பல்கலைக்கழகத்தின் ஆடவர் அணிப் பயிற்றுநர்களுள் வெற்றியை விடத் தோல்வி மிகுந்தவர், ஆட்டத்தைக் கண்டுபிடித்த இவர் ஒருவரே. இதனை நகைச்சுவையாகக் கூறுவது வழக்கம். ஆனால் நெய்ஸ்மித்துக்கு வெற்றிக் கணக்கில் நாட்டமில்லை என்பதை மறக்கலாகாது. பல ஆட்டங்களில் அவர் நடுவராகவும் இருந்தார். ஆட்டம் மாணவரின் உடல்நலத்துக்கும் பண்புக்கும் உரிய கருவி, பயிற்றுவித்து வெல்வதற்கு உரிய பொருளன்று என்பது அவர் கருத்து. அவரிடம் பயின்ற ஃபாக் ஆலன் இதற்கு நேர்மாறாகப் பயிற்றுநர் பணியைத் தனித் தொழிலாகவே வளர்த்தார். பின்னாளில் வென்றது ஆலனின் வழியே.

1916இல் மெக்சிகோ எல்லையில் கான்சஸ் படைப்பிரிவின் சமய குருவாகவும், முதல் உலகப் போரின்போது பிரான்சில் ஒய்.எம்.சி.ஏ. சார்பில் படைவீரர்களிடையேயும் பணிபுரிந்தார். 1925இல் அமெரிக்கக் குடிமகனானார்.

ஜான் மெக்லெண்டன்

1933இல் ஜான் மெக்லெண்டன் என்னும் கறுப்பின மாணவர் கான்சஸில் உடற்கல்வி கற்கச் சேர்ந்தார். அக்காலத்தில் பல்கலைக்கழக அணியில் கறுப்பினத்தவருக்கு இடமில்லை. நீச்சல் பட்டப்படிப்பின் கட்டாயப் பகுதியாக இருந்தும், அவர்களைக் குளத்தில் இறங்க விடாமல் தேர்ச்சி மட்டும் வழங்க நிர்வாகம் முன்வந்தது. மெக்லெண்டன் இதனை ஏற்காமல் குளத்தில் இறங்கினார். அதன்பின் குளத்து நீர் வெளியேற்றப்பட்டது. அவருடைய வழிகாட்டியாக இருந்த நெய்ஸ்மித் அவர் பக்கம் நின்றார். அணியில் சேர இயலாத அம்மாணவருக்குத் தாமே ஆட்ட நுட்பங்களைக் கற்பித்ததுடன், உயர்நிலைப் பள்ளியில் பயிற்சி ஆசிரியராகவும் பணியாற்ற வழிசெய்தார். அணியின் நிறத்தடையை நெய்ஸ்மித்தால் அகற்ற முடியவில்லை என்பதும் உண்மை. அத்தடை அவருடைய வாழ்நாளுக்குப் பின்னும் நீடித்தது. 1936இல் பட்டம் பெற்ற மெக்லெண்டன் விரைவுத் தாக்குதல் முறையை வளர்த்த பெரும் பயிற்றுநராகத் திகழ்ந்தார். 1957, 1958, 1959 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் அவருடைய டென்னசி அணி தொடர்ந்து தேசியக் கல்லூரிப் பட்டம் ஒன்றை வென்றது.

இறுதிக் காலம்

1936 பெர்லின் ஒலிம்பிக்கில் கூடைப்பந்தாட்டம் முதன்முறையாகப் பதக்கத்துக்குரிய போட்டியானது. நெய்ஸ்மித் அங்கு செல்வதற்கான செலவுக்கு அமெரிக்கப் பயிற்றுநர்கள் நிதி திரட்டினர். இறுதி ஆட்டம் மழையில் நனைந்த திறந்தவெளி மண் தரையில் நடந்தது. அமெரிக்கா கனடாவை 19–8 என்று வென்றது. உள்ளரங்குக்கென்றே வகுத்த ஆட்டத்தின் முதல் ஒலிம்பிக் இறுதி சேற்றில் நடந்தது விந்தையே. வென்றவர்களுக்கு நெய்ஸ்மித் பதக்கங்களை வழங்கினார்.

1937இல் ஓய்வு பெற்றார். அவ்வாண்டே மாட் காலமானார். 1939 சூன் மாதத்தில் ஃபுளோரன்ஸ் கின்கெய்டை மணந்த நெய்ஸ்மித், அவ்வாண்டு நவம்பரில் கான்சஸின் லாரன்ஸ் நகரில் மூளை இரத்தக் கசிவால் இறந்தார். கூடைப்பந்தாட்டத்தின் தோற்றமும் வளர்ச்சியும் பற்றி அவர் எழுதிய நூல் 1941இல் வெளியாயிற்று. ஸ்பிரிங்ஃபீல்டில் உள்ள கூடைப்பந்துப் புகழ் மண்டபம் அவர் பெயரைத் தாங்கியுள்ளது.

இந்தக் கண்டுபிடிப்பால் நெய்ஸ்மித் பெரும்பொருள் ஈட்டவில்லை. அவர் தட்டச்சு செய்வித்த 13 விதிகள் அடங்கிய இரண்டு தாள்கள் 2010 டிசம்பரில் நியூயார்க்கில் 43 இலட்சம் டாலருக்கு மேல் ஏலம் போயின. வாங்கியவர் கான்சஸ் பல்கலைக்கழகத்தின் பழைய மாணவர். அத்தாள்கள் லாரன்ஸ் நகரில் அப்பல்கலைக்கழக வளாகத்திலேயே பார்வைக்கு வைக்கப்பட்டன.