அருள்வாக்கி அப்துல் காதிர்ப் புலவர்

மலைநாடு தேயிலைக்கும் காப்பிக்குமே உரிய நிலமென்றும், செந்தமிழுக்கு உரியது யாழ்ப்பாணமே யென்றும் நம்மவருட் சிலர் எண்ணுவதுண்டு. அவ்வெண்ணம் பிழையென்பதற்குக் கண்டியை யடுத்த தெல்தோட்டைப் பகுதியிலுள்ள போப்பிட்டி என்னும் ஊர் ஒன்றே அமையும். அப்துல் காதிர்ப் புலவர் அவ்வூரில் 1866-ஆம் ஆண்டில் இஸ்லாமியக் குடியிற் பிறந்தார்.

சைவப் பிள்ளைகளுக்கு இவர் சரித்திரம் எற்றுக்கு என வினவுவாரும் உளர். யாழ்ப்பாணத்து வித்துவான்கள் அவ்வாறு வினவினாரல்லர். வித்துவ தீபம் என்னும் பட்டத்தை இவருக்கு உவந்தளித்தனர்.

புலவர் கண்டி நகர்மீது பதிகமும் கலம்பகமும் பாடினார். கலம்பகம் எளிய செயலன்று. வெண்பாவும் கலித்துறையும் விருத்தமும் அம்மானையும் ஊசலும் ஒரு நூலுள் விரவிவர வேண்டும். ஓசையறியாதார் அதனைத் தொடவும் அஞ்சுவர். தென்னாட்டுக் கோட்டாற்றின்மீது ஒரு புராணமும் செய்தார்.

இவர் நூல்களுள் ஆசிரியர்களாகிய நாம் சிறப்பாக நோக்கத்தக்கது சந்தத் திருப்புகழ். அருணகிரிநாதர் முருகனுக்கு ஆக்கிய வண்ண நெறியை இவர் தம் சமயத்துதிக்கு ஏற்றுக்கொண்டார். அந்நெறியிற் குறில் நின்ற இடத்துக் குறிலும், நெடில் நின்ற இடத்து நெடிலும், வல்லொற்றுக்கு வல்லொற்றும், மெல்லொற்றுக்கு மெல்லொற்றும் அடிதோறும் வருதல் வேண்டும். ஒன்று பிறழினும் தாளம் பிசகும். பத்தி என்பது 'தத்த' என்னும் குழிப்பு. கண்டி என்பது 'தந்த'. எதுகை மோனையோ செவிக்கு இனிமை தருவன. சந்தமோ பாட்டின் நடையையே ஆள்வது.

நாம் மிஷன் பாடசாலையிற் பயின்ற காலத்து, ஆங்கிலப் பாட்டில் முதலெழுத்து ஒன்றிவரும் அழகை வியந்து கற்றோம். அது நம் மோனைக்கு உறவென்பதை எவரும் சொல்லித் தந்திலர். பல்லாண்டு கழித்தே உணர்ந்தோம். அணியிலக்கணத்தைச் சூத்திரமாக மட்டும் ஒப்புவிக்கச் செய்யும் நம் வகுப்புக்களிலும் இக்குறையே உளது.

புலவர் 1918-ஆம் ஆண்டில், ஐம்பத்திரண்டாம் பிராயத்தில் மறைந்தார். அவர் சரித்திரத்தைச் சொன்ன பின்னர், ஊர்ப்பெயர்களுக்குக் குழிப்புக் காணுமாறு நம் மாணாக்கரை ஏவினோம். கைதட்டிப் பார்த்த சிறுவனொருவன், போப்பிட்டி 'தாத்தத்த' என்றான். அவன் விடை சரியே.