ஜான் ஹவ்லண்ட்

ஜான் ஹவ்லண்ட் (பெப்ரவரி 3, 1873 – ஜூன் 20, 1926) அமெரிக்கக் குழந்தை மருத்துவரும் மருத்துவ ஆய்வாளரும் ஆவார். 1912 முதல் இறக்கும் வரை பால்ட்டிமோர் நகரிலுள்ள ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் குழந்தை மருத்துவப் பேராசிரியராகப் பணியாற்றினார். குழந்தை நோய்களை வேதியியல் வழியில் ஆராய்ந்த முன்னோடிகளுள் ஒருவர். எனினும், தம் சொந்த ஆய்வுகளைக் காட்டிலும் தாம் பயிற்றுவித்த இளம் மருத்துவர்களாலேயே இவர் பெரிதும் அறியப்படுகிறார்.

இளமையும் கல்வியும்

நியூயார்க் நகரில் பிறந்த ஹவ்லண்ட், யேல் பல்கலைக்கழகத்தில் பயின்று 1894 இல் பட்டம் பெற்றார். 1897 இல் நியூயார்க் பல்கலைக்கழகத்தில் மருத்துவப் பட்டம் பெற்றார். பின்னர் அக்காலத்தின் புகழ்பெற்ற குழந்தை மருத்துவரான எம்மெட் ஹோல்ட்டிடம் உதவியாளராகச் சேர்ந்தார். ஹோல்ட் எழுதிய பாடநூலின் பிந்தைய பதிப்புகளில் இவரும் இணையாசிரியர் ஆனார்.

1910 இல் செயின்ட் லூயிஸ் நகரின் வாஷிங்டன் பல்கலைக்கழகம் இவரைப் பேராசிரியராக நியமித்தது. பொறுப்பேற்கும் முன், அப்போது செருமனியின் ஆட்சியில் இருந்த ஸ்ட்ராஸ்பூர்க் நகருக்குச் சென்று அடால்பர்ட் செர்னியிடம் பயின்றார். செருமானிய மருத்துவமனைகளில் நோயாளர் கூடமும் ஆய்வுகூடமும் இணைந்தே இயங்கின. அமெரிக்காவிலோ குழந்தை மருத்துவர்கள் தனித்தொழில் வருமானத்தில் வாழ்ந்தனர். கற்பித்தலும் ஆராய்ச்சியும் எஞ்சிய நேரத்துக்கு உரியவையாக இருந்தன.

ஹாரியட் லேன் இல்லம்

அமெரிக்கக் குடியரசுத் தலைவர் ஜேம்ஸ் புக்கானனின் உடன்பிறந்தார் மகளான ஹாரியட் லேன், தம் இரு மகன்களையும் இளவயதிலேயே இழந்தவர். நோயுற்ற குழந்தைகளுக்கென அவர் விட்டுச்சென்ற சொத்தைக் கொண்டு ஜான்ஸ் ஹாப்கின்ஸ் வளாகத்தில் ஒரு மருத்துவமனை எழுப்பப்பட்டது. அங்கு முதலில் பேராசிரியராக இருந்த கிளெமன்ஸ் வான் பிர்க்கே, கட்டடம் திறக்கப்படும் முன்பே ஐரோப்பா திரும்பிவிட்டார். அவருக்குப் பின் 1912 இல் ஹவ்லண்ட் அழைக்கப்பட்டார். மருத்துவமனை அவ்வாண்டே திறக்கப்பட்டது. வேதியியல் ஆய்வுகூடங்களை நோயாளர் கூடங்கள் இருந்த கட்டடத்திலேயே அமைத்தார்.

1914 இல் ராக்பெல்லர் நிதியின் உதவியுடன் ஜான்ஸ் ஹாப்கின்ஸில் முழுநேரப் பேராசிரியர் முறை தொடங்கியது. இம்முறையில் பேராசிரியர் நிலையான சம்பளம் பெறுவார். தனி நோயாளர் செலுத்தும் கட்டணம் அவரைச் சேராது. இதற்கு எதிர்ப்பு வலுவாக இருந்தது. வில்லியம் ஆஸ்லர் இங்கிலாந்தில் இருந்தபடியே கண்டித்தார். பொது மருத்துவத் துறையின் லூயெலிஸ் பார்க்கர் பதவியை ஏற்க மறுத்தார். ஹவ்லண்ட் ஏற்றுக்கொண்டார். நியூயார்க்கின் தனித்தொழிலை அறிந்த ஒருவர் வருமானத்தைத் துறந்து நேரத்தைத் தேர்ந்தது எளிய முடிவு அன்று. அந்த நேரமே பின்னர் இளம் மருத்துவர்களுக்குப் பயன்பட்டது.

ஆய்வுகள்

அக்காலத்தில் கோடைக்கால வயிற்றுப்போக்கு பெருமளவில் குழந்தைகளின் உயிரைப் பறித்தது. ஹவ்லண்டும் மக்கிம் மாரியட்டும் கடும் வயிற்றுப்போக்கால் துன்புற்ற குழந்தைகளின் குருதியில் காரத்தன்மை குறைந்து அமில நிலை ஏற்படுவதை 1916 இல் காட்டினர். சோடியம் பைகார்பனேட் கொடுத்து அந்நிலையைச் சரிசெய்ய முடிந்தது. ஆயினும் பல குழந்தைகள் பிழைக்கவில்லை. நீரிழப்பையும் ஈடுசெய்ய வேண்டும் என்பது தெளிவாகியது. 1918 இல் இதே மருத்துவமனையின் கென்னத் பிளாக்பன், கென்னத் மாக்சி என்பவருடன் இணைந்து, வயிற்றறைக்குள் உப்புநீர் செலுத்தும் முறையை வெளியிட்டார்.

அடுத்த பெரிய பணி ரிக்கெட்ஸ் எனப்படும் எலும்பு மென்மை நோய் பற்றியது. குழந்தையிடமிருந்து எடுக்கக்கூடிய குருதி மிகக் குறைவு. பெரியவர்களுக்கான சோதனை முறைகள் இங்கு உதவா. பெஞ்சமின் கிரேமர், பிரெடரிக் டிஸ்டால் ஆகிய இளம் ஆய்வாளர்கள் சிறிதளவு குருதிநீரிலேயே கால்சியத்தை அளக்கும் முறையை உருவாக்கினர். அதன்பின் ஹவ்லண்டும் கிரேமரும் நோயுற்ற குழந்தைகளின் குருதியில் பாஸ்பரஸ் அளவு குறைவதைக் கண்டனர். நூறு மில்லிலீட்டர் குருதிநீரிலுள்ள கால்சியம், பாஸ்பரஸ் அளவுகளை மில்லிகிராமில் பெருக்கிவரும் எண் 30க்குக் கீழிருந்தால் நோய் உள்ளது என்றும், 40க்கு மேலிருந்தால் நோய் இல்லை அல்லது ஆறிவருகிறது என்றும் விதித்தனர். மீன் எண்ணெயால் எலும்பு குணமடைவதை எட்வர்ட்ஸ் பார்க்குடன் சேர்ந்து ஊடுகதிர்ப் படங்களால் நிறுவினார்.

மாணவர்கள்

மேற்சொன்ன ஆய்வுகள் அனைத்திலும் இளையவர்களின் பெயர்கள் இடம்பெறுவதைக் கவனிக்கலாம். ஹவ்லண்ட் கண்டிப்பானவர். தம்மிடம் பயின்றோர் நோயாளரைப் பார்ப்பதோடு ஆய்வுகூடத்திலும் தாமே வேலை செய்ய வேண்டும் என எதிர்பார்த்தார். பயின்றவர்களைத் தம்முடனேயே வைத்துக்கொள்ளவும் இல்லை.

மாரியட் 1917 இல் செயின்ட் லூயிஸ் சென்று துறைத்தலைவரானார். பிளாக்பன் 1920 இல் சின்சினாட்டிக்கும் 1923 இல் ஹார்வர்டுக்கும் சென்றார். பார்க் 1921 இல் யேலில் துறையை நிறுவியபோது குரோவர் பவர்ஸ் உடன் சென்றார். டிஸ்டால் கனடாவின் டொராண்டோவில், பாப்லம் என்னும் குழந்தை உணவை உருவாக்கியோருள் ஒருவரானார். வில்பர்ட் டேவிசன் டியூக் மருத்துவப் பள்ளியின் முதல் முதல்வரானார். ஹவ்லண்டின் ஆசிரியரான ஹோல்ட்டின் மகனும் இங்கேயே பயிற்சி பெற்றார் என்பது குறிப்பிடத்தக்கது.

இவர்களுள் ஜேம்ஸ் கேம்பிள் தனித்துக் குறிப்பிடத்தக்கவர். 1922 இல் பாஸ்டன் சென்ற இவர், உடல் நீர்மங்களிலுள்ள உப்புகளின் சமநிலையை ஆராய்ந்தார். இவர் வரைந்த பட்டை வரைபடம் இவர் பெயராலேயே வழங்குகிறது. யேலில் பவர்ஸின் துறையில் பணியாற்றிய டேனியல் டாரோ, வயிற்றுப்போக்கில் பொட்டாசியமும் இழக்கப்படுவதை 1940களில் காட்டினார். இன்று உலக நலவாழ்வு அமைப்பின் உப்பு-சர்க்கரைக் கரைசலில் பொட்டாசியம் சேர்க்கப்படுவதன் பின்னணியில் இப்பணியும் உண்டு. 1916 இல் பால்ட்டிமோரில் அரைகுறையாக விடை கிடைத்த ஒரு கேள்வி, மாணவர்களுக்கும் மாணவர்களின் மாணவர்களுக்கும் கைமாறிய விதம் இது.

இறப்பும் அதன் பின்னரும்

ஹவ்லண்ட் 1926 இல் தமது 53ஆம் வயதில் காலமானார். 1927 இல் பார்க் யேலிலிருந்து திரும்பி அப்பதவியை ஏற்றார். பார்க்கும் இளையோரைத் தேடி வளர்த்தவரே. 1930 இல் இதயநோய்ப் பிரிவை ஹெலன் டாசிக்கிடம் ஒப்படைத்தவரும், குழந்தை உளமருத்துவத்துக்கு லியோ கானரை அழைத்துவந்தவரும் அவரே.

அமெரிக்கக் குழந்தை மருத்துவச் சங்கம் தனது உயரிய விருதை ஹவ்லண்டின் பெயரால் 1952 முதல் வழங்கிவருகிறது. முதல் விருது பார்க்குக்குக் கிடைத்தது; பவர்ஸ் 1953 இலும் கேம்பிள் 1955 இலும் பெற்றனர். ஹாரியட் லேன் பெயரால் வெளிவரும் குழந்தை மருத்துவக் கையேட்டை இன்றும் ஜான்ஸ் ஹாப்கின்ஸின் பயிற்சி மருத்துவர்களே தொகுத்து எழுதுகின்றனர்.